பின் வரிசைப் போன்கள்

அவருக்குச் சம்பளச் சீட்டில் ஒரு பெயர் உண்டு. ஆனால் அந்த நிலையத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் அது சட்டென்று நினைவுக்கு வராது. எல்லோருக்கும் அவர் சாவியக்காதான். இடுப்பில் பதினான்கு சாவிகள் தொங்கும் வளையம். அவர் மாடிப்படியில் கால் வைக்கும்போதே கீழே இருப்பவர்கள் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு வேலை செய்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இத்தனைக்கும் அவர் யாரையும் அதட்டியதில்லை. அந்தச் சத்தத்துக்கே அப்படி ஒரு மரியாதை.

அது வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ்களை அனுப்புகிற நிலையம். முப்பத்திரண்டு நர்ஸ்கள். காலை ஏழரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு, சர்க்கரை பார்த்து, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பி வருவார்கள். அவர்களுக்கு வேண்டிய விரிப்பு, துண்டு, மேலங்கி எல்லாம் சாவியக்காவின் துணி அறையிலிருந்து போகும். அழுக்காகத் திரும்பி வந்து, துவைத்து, காய்ந்து, மடிந்து, மறுபடி போகும். இருபத்திரண்டு வருடமாக அவர் பார்த்த வேலை அதுதான்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நிர்வாகம் எல்லா நர்ஸுக்கும் ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் வாங்கியது. நோயாளியின் விவரம், மருத்துவரைக் கூப்பிடுவது, புண்ணைப் படம் எடுத்து அனுப்புவது எல்லாம் இனி அதில்தான். சாயங்காலம் போனை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது. அது துணி அறையில் இருந்தது.

"அக்கா, துணியோட துணியா இதையும் பாத்துக்கங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே சார்."

"தெரிய என்ன இருக்கு? சாயங்காலம் சொருகணும், காலையில புடுங்கணும்."

அப்படித்தான் அந்த வேலை அவர் தலையில் வந்து விழுந்தது. அலமாரிக்கு நான்கு தட்டுகள். தட்டுக்கு எட்டுப் போன், முன் வரிசையில் நான்கு, பின் வரிசையில் நான்கு. ஒவ்வொரு போனின் முதுகிலும் நகப்பூச்சால் எண் எழுதி, எந்த எண்ணுக்கு எந்த இடம் என்று அவர் பிரித்து வைத்தார். சாயங்காலம் முப்பத்திரண்டையும் சொருகிக் கதவைப் பூட்டினால், மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் திறப்பார். எல்லாம் நூறு சதவீதம் காட்டும். அவருக்கும் திருப்தியாக இருக்கும்.

ஒரு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதற்குப் பிறகு மதியம் ஆனால் போன்கள் மண்டையைப் போட ஆரம்பித்தன.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி ஆனது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன நர்ஸ் ஒருத்தி, எல்லோருக்கும் இளையவள் என்பதால் சின்ன சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள், மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் திடீரென்று வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறிச் சாய்ந்தார். சர்க்கரை தாழ்ந்துவிட்டது. அவள் மருத்துவரைக் கூப்பிடப் போனை எடுத்தால் பதினெட்டு சதவீதம் காட்டியது. எண்ணை அழுத்துவதற்குள் திரை இருண்டது. சர்க்கரைத் தண்ணீரை அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிட்டு, கீழே ஓடி, முதல் மாடியில் கதவைத் தட்டி, முன்பின் தெரியாத ஒருவரிடம் போன் இரவல் வாங்கிப் பேசினாள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் படிகளில் ஓடிய ஓட்டம் அவளை விடவில்லை. சாயங்காலம் துணி அறை ஜன்னலில் போனை நீட்டும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேலாளர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். தனக்குத் தெரிந்ததெல்லாம் முடிந்த முடிவு என்று நினைப்பவர். தாளில் இரண்டு கட்டளைகள் இருந்தன. பணி நேரத்தில் வீடியோ பார்த்துப் போனைத் தீர்ப்பவர்கள் விளக்கக் கடிதம் தரவேண்டும், மூன்று கடிதம் சேர்ந்தால் வெளி வேலையிலிருந்து நீக்கப்படுவார்கள் என்பது ஒன்று. பூஜ்யம் வரை தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும், பாதியில் போட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்பது இன்னொன்று.

சின்ன சிஸ்டர் அன்றே ஒரு கடிதம் எழுதினாள். அடுத்த வாரம் இன்னொன்று.

"நான் வீடியோவே பாக்கறதில்லக்கா," என்றாள், துண்டுகளை எண்ணி வாங்கும்போது. "எனக்கு அதுக்கு நேரம் எங்க இருக்கு? மூச்சு விடவே நேரமில்ல. சத்தியமா சொல்றேன்."

"நீ சத்தியம் எல்லாம் பண்ண வேண்டாம் கண்ணு," என்றார் சாவியக்கா. "சார்ஜ் போடறது நான். நீ எதுக்கு அழற?"

சொல்லிவிட்டாரே தவிர, அந்த வார்த்தை அவருக்கே சுருக்கென்று தைத்தது. ஆமாம், சார்ஜ் போடுவது தான்தானே? காலையில் நூறு என்று கொடுத்து அனுப்புகிறோம். அது நிஜமாகவே நூறா? அன்று பேருந்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசித்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஜன்னலில் ஒரு புதுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். "எத்தனை மணிக்குப் போச்சு?" என்று. போகவில்லை என்றால், "இப்ப எவ்வளவு இருக்கு?" துணிப் பதிவேட்டில் தலையணை உறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் சும்மா கிடந்தது. அதில் எழுதிக்கொண்டார். நர்ஸ்கள் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சலித்துக்கொண்டார்கள். "அக்காவும் சாரோட சேந்துட்டாங்க" என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். சாவியக்கா அடுத்த போனை வாங்கி எண்ணை எழுதினார்.

பதினைந்து நாள் எழுதிய பிறகு ஒரு மதியம் மடித்த விரிப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். மதியத்துக்குள் சாகும் போன்கள் தினமும் ஒரே போன்கள்தான். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு. பிறகு முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. மொத்தம் ஏழு. சின்ன சிஸ்டருடையது இருபத்திரண்டு. மற்ற இருபத்தைந்தும் சாயங்காலம் திரும்பும்போது முப்பதோ நாற்பதோ மிச்சம் வைத்துக்கொண்டு வந்தன. எல்லாம் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய ஒரே ரகப் போன்கள். இருபத்துமூன்று மட்டும் கீழே விழுந்து உடைந்து ஐந்து மாதத்துக்கு முன்தான் புதிதாக வாங்கியது. அதுகூட ஒரு மணிக்குச் செத்தது.

ஏழு பேரும் ஏழு விதம். ஒருத்தி நாளெல்லாம் போனைத் தொடவே மாட்டாள். ஒருத்தி படம் எடுத்துத் தள்ளுவாள். அப்படியானால் ஆளில் இல்லை விஷயம். அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். அந்த ஏழும் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். மூன்றாவது தட்டு, பின் வரிசை, நான்கு. நான்காவது தட்டு, பின் வரிசை, மூன்று. மேல் இரண்டு தட்டில் ஒன்றுகூட இல்லை. முன் வரிசையில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் கணக்கு இடித்தது. நான்காவது தட்டின் பின் வரிசையில் இருபத்தொன்பதும் உண்டே? அதற்கு மட்டும் என்ன வந்தது? இருபத்தொன்பது யாருடையது என்று நினைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது. அது சீரியல் சிஸ்டருடையது. பேருந்தில் ஏறி உட்கார்ந்த நொடியிலிருந்து இறங்குகிற வரைக்கும் காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு தொடர் பார்க்கிற பெண்மணி. மேலாளர் ஒட்டிய தாள் நியாயமானதாக இருந்தால், அந்த நிலையத்தில் முதலில் சாக வேண்டிய போன் அதுதான். அது சாயங்காலம் முப்பத்தைந்து சதவீதத்தோடு வந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாவிடமே கேட்டார்.

"உன் போன் மட்டும் எப்படி சிஸ்டர் தாக்குப் பிடிக்குது?"

"அக்கா, நான் வீடியோ பாக்கறேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"அது ஊருக்கே தெரியும். நான் அதைக் கேக்கல."

அவளுக்கும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வழக்கம்போல் போன்களைச் சொருகிக்கொண்டு வந்த சாவியக்கா, இருபத்தொன்பதை எடுத்ததும் யோசிக்காமல் திரும்பி நான்கடி நடந்தார். ஜன்னலோரம் இருக்கும் இஸ்திரி மேஜைக்குப் போய், அங்கிருந்த பிளக்கில் சொருகினார். சொருகிய கை அப்படியே நின்றுவிட்டது. அலமாரியில் இருபத்தொன்பதின் பிளக் பாயின்ட் கருகிப்போய் எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த ஒரு போன் மட்டும் ஜன்னல் காற்றில்தான் கிடக்கிறது. தினமும் செய்கிற காரியம். செய்து செய்து கண்ணில் படாமலே போய்விட்டது.

அவர் திரும்பி வந்து மூன்றாவது தட்டின் பின்பக்கம் வரை கையை விட்டார். அலமாரியின் முதுகுத் தகடு சுட்டது. அடுப்பைத் தொட்டதுபோல் இல்லை. இப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டையின் மேல் கை வைத்ததுபோல் இருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. துணி உலர்த்தும் இயந்திரம். அழுக்குத் துணி சாயங்காலம்தான் வரும், மறுநாள் துவைத்து முடித்து ஐந்து மணிக்கு உலர்த்தியை ஓட்டினால் ஒன்பது மணி வரைக்கும் ஓடும். அதன் உருளை சரியாகக் கீழ் இரண்டு தட்டு உயரத்துக்கு இருந்தது.

அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தன் கையால் ஒன்றரை வருடம் தினமும் அந்தப் போன்களைக் கொண்டுபோய் வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்ததுபோல் வைத்து, கதவையும் சாத்திப் பூட்டியிருக்கிறோம் என்பது மெல்ல உறைத்தது.

காரணம் அதுதானா என்று முழுதாகத் தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு அந்த வாரமே தானாக வந்தது. இருபத்துநான்காம் எண் போனைக் கொண்டுவந்த நர்ஸ் அதை மேஜையில் வைத்தாள். அது மேஜையில் படுக்காமல் இப்படியும் அப்படியும் ஆடியது. முதுகு உப்பி, மூடி ஓரத்தில் விலகியிருந்தது.

"அக்கா, இது முழுகாம இருக்கு போல," என்றாள் அவள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாவியக்கா சிரிக்கவில்லை. இன்னொருத்தி அதை அமுக்கி மூடப் போனாள். "கைய எடு!" என்று அவர் போட்ட சத்தத்தில் அவள் பயந்து பின்வாங்கினாள். அவர் சத்தம் போட்டு அன்றுதான் பார்த்தார்கள். போனை அணைத்து, துணி எதுவும் இல்லாத முற்றத்தில், வெறும் தரையில் ஒரு தகரத் தட்டில் வைத்தார். மறுநாள் மதியம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மூடி போடாத பிஸ்கட் டின்னில் அதை வைத்து எடுத்துக்கொண்டு போன் பழுது பார்க்கும் நிலையத்துக்குப் போனார்.

அங்கே முன் மேஜையில் ஒரு கண்ணாடிக்காரப் பெண் இருந்தாள். டின்னுக்குள் எட்டிப் பார்த்தவள், "நல்ல வேளை, கைப்பையில அமுக்கி எடுத்துட்டு வரல," என்றாள். "இது உப்பிப் போச்சுக்கா. இனி சார்ஜ் போடவே கூடாது. ரொம்ப நாள் சூட்டுல இருந்துச்சா?"

சாவியக்கா உட்கார்ந்துகொண்டார். "இருந்துச்சு. எல்லாம் சொல்றேன். நீங்க எனக்குப் புரியற மாதிரி பதில் சொல்லணும்."

அலமாரி, சுவர், உலர்த்தி, ஏழு போன், இருபத்தொன்பது எல்லாவற்றையும் சொன்னார். பதிவேட்டையும் கையோடு கொண்டுபோயிருந்தார். அந்தப் பெண் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அக்கா, இங்க வர்றவங்க எல்லாம் 'திடீர்னு போயிடுச்சு'ன்னுதான் சொல்லுவாங்க. தேதி போட்டு எழுதிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

பிறகு அவள் பொறுமையாகச் சொன்னாள். பேட்டரிக்குப் பெரிய எதிரி சூடு. அதுவும் முழுசாக நிரம்பி இருக்கும்போது சூடு பட்டால் இரட்டைக் கெடுதல். "நூறுலயே மணிக்கணக்கா நிக்கறது அதுக்குக் கஷ்டம்கா. நாம மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டு நிக்கற மாதிரி."

"எலாஸ்டிக் மாதிரின்னு சொல்லுங்க," என்றார் சாவியக்கா. "மெத்தை விரிப்பை இழுத்து மாட்டின மேனிக்கே சூட்டுல போட்டா, எலாஸ்டிக் தொளதொளன்னு ஆயிடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் இறுகாது."

"அதேதான். போனது திரும்பி வராது. புது பேட்டரிதான் போடணும்."

"அப்ப பூஜ்யம் ஆனப்புறம்தான் போடணும்னு எங்க சார் சொல்றாரே?"

"அது பழைய காலத்து பேட்டரிக்குச் சொன்னது. இதுக்கு அது ஆகவே ஆகாது. சுத்தமாத் தீர விடாம இருபது, முப்பதுல இருக்கறப்பவே போடலாம். எண்பது, எண்பத்தஞ்சுல நிறுத்திடலாம். இந்த ரகத்துல அதுக்கு செட்டிங்கே இருக்கு, பாருங்க."

காட்டிக் கொடுத்தாள். சாவியக்கா தன் கையாலேயே அதை மூன்று முறை போட்டு, எடுத்து, போட்டுப் பார்த்துக்கொண்டார். பதினெட்டு சதவீதம் காட்டிய போன் ஏன் சட்டென்று செத்தது என்றும் கேட்டார். தளர்ந்த பேட்டரி காட்டுகிற கணக்கை நம்ப முடியாது, ஒரு பாரம் கூடினால் மடங்கி விழுந்துவிடும் என்று பதில் வந்தது. சின்ன சிஸ்டர் மாடிப்படியில் ஓடிய காட்சி அவர் கண்முன் வந்து நின்றது.

வீட்டில் அவர் கணவரிடம்தான் முதல் பாடம் நடந்தது. ஓய்வு பெற்ற தபால்காரரான அந்த மனிதர் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போட்டுக்கொண்டு தூங்குகிறவர். சாவியக்கா தலையணையைத் தூக்கி, போனை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"என்ன பண்ற நீ? அது தனியா பயப்படும்."

"அதுக்கு வேர்க்குது. காத்து வேணும்."

"முப்பது வருஷமா எனக்கு வேர்க்குது. ஒரு நாளாவது விசிறி விட்டியா?" என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் மறுநாளிலிருந்து போன் ஜன்னலிலேயே இருந்தது.

நிலையத்தில் அத்தனை சுலபமாக நடக்கவில்லை. சாவியக்கா பதிவேட்டோடு மேலாளர் அறைக்குப் போனபோது, அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். பாதி கேட்டதும் கையைத் தூக்கினார்.

"அக்கா, துணி உங்க டிபார்ட்மென்ட். அதுல நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன். இது டெக்னாலஜி."

"சரி சார். நான் ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே ஒரு நிமிஷம் துணி ரூமுக்கு வாங்க. அது போதும்."

அவர் வந்தார். வராமல் இருந்தால் அக்கா விட மாட்டார் என்று அவருக்குத் தெரியும். சாவியக்கா அலமாரியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். "மூணாவது தட்டு. பின்னாடி வரைக்கும் கை விடுங்க."

மேலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கையை விட்டார். சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார். அந்தப்பக்கம் உலர்த்தி கடகடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் அலமாரியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி கையை விட்டு இந்த முறை ஒரு போனை எடுத்தார். கையில் வைத்திருக்கச் சங்கடப்பட்டு உடனே மேஜையில் வைத்தார்.

அப்புறம் சொன்னார், "இத்தனை நாளா இதை இங்க வெச்சது யாரு? நீங்கதானே?"

வாசலில் கையெழுத்துப் போடக் காத்திருந்த நர்ஸ்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சின்ன சிஸ்டரும் அங்கே இருந்தாள்.

"ஆமா சார். நான்தான் வெச்சேன்," என்றார் சாவியக்கா. மேலங்கிப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "அதான் விளக்கக் கடிதம் எழுதிட்டு வந்திருக்கேன். வாங்கிக்கங்க."

மேலாளர் அதைப் பிரித்துப் படித்தார். பதிவேட்டில் எழுதுகிற அதே உருண்டையான கையெழுத்தில் ஏழெட்டு வரிகள்தான் இருந்தன. இருபத்தொன்று முதல் இருபத்துநான்கு வரையும், முப்பது முதல் முப்பத்திரண்டு வரையும் உள்ள போன்கள் மதியம் தீர்ந்துபோவதற்கு அவற்றை எடுத்துச் சென்றவர்கள் காரணம் இல்லை. சூடான இடத்தில் வைத்துப் பூட்டியது நான். தெரியாமல் செய்தேன் என்றாலும் செய்தது நான். ஆகையால் இந்த எண்களுக்காக இதுவரை வாங்கிய கடிதங்களை எல்லாம் ரத்து செய்து, அவற்றின் இடத்தில் இந்த ஒரு கடிதத்தை வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே முழுக் கையெழுத்தும் தேதியும் இருந்தன.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் மேல் ஒரு புகார் கிடையாது. அந்தக் கோப்பில் முதல் கறுப்புப் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ள ஒரு மனுஷி நிற்கிறார் என்பது மேலாளருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவர் தாளை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார்.

"நான்தானேக்கா அலமாரியைக் காட்டுனேன்," என்றார் கடைசியில், தணிந்த குரலில்.

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அது அவருக்கு வராது. ஆனால் போகிற வழியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளைத் தானே கிழித்தார். நன்றாக ஒட்டியிருந்ததால் பலகையின் பெயின்ட்டும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. சின்ன சிஸ்டரின் இரண்டு கடிதங்களும் மறுநாள் அவள் கைக்கே திரும்பி வந்தன. அவள் அவற்றைக் கிழிக்காமல் நேராகத் துணி அறைக்கு எடுத்து வந்து, சாவியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போ, போ, பஸ்ஸு போயிடும்," என்று சாவியக்கா அவளைத் துரத்தினார்.

முப்பத்திரண்டு போனையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்று மேலிடத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. ஏழு போனுக்குப் பேட்டரி மட்டும் மாற்றினார்கள். கண்ணாடிக்காரப் பெண்ணே வந்து மாற்றிவிட்டு, கழற்றிய பழைய பேட்டரிகளைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனாள்.

அலமாரியை விட்டுவிட்டார்கள். காவலாளியின் கண் பார்வையில் இருக்கிற முன் வராந்தாவில், கம்பி வலை போட்ட திறந்த தட்டுகள் அடித்துப் பூட்டுப் போட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்று படாமல் ஒவ்வொரு போனும் தனியாக நிற்கும். சொருகும் முன் தடித்த உறையைக் கழற்ற வேண்டும் என்பது அக்காவின் சட்டம். தண்ணீர் மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் டைமர் ஒன்று இருப்பதை அவர் பார்த்திருந்தார். அதே மாதிரி ஒன்றைப் போன்களுக்கும் போட்டுத் தரச் சொல்லி எலக்ட்ரீஷியனைப் பிடித்தார்.

"போனுக்கு எதுக்குக்கா டைமர்? அது பாட்டுக்கு ஏறட்டுமே."

"விடிய விடிய நிரம்பி நிக்க வேண்டாம் தம்பி. கிளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஏறி முடிஞ்சா போதும்."

அவன் தலையைச் சொறிந்துவிட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்காமல் இரண்டு பிரிவாகப் போட்டுத் தந்தான். அதிகாலையில் சார்ஜ் ஏற ஆரம்பித்து, எண்பத்தைந்தில் நிற்கும். நூறு காட்டாத போனை வாங்க முதல் வாரம் நர்ஸ்கள் முணுமுணுத்தார்கள். "பதினஞ்சைக் காணோமேக்கா, யாரு தின்னது?" என்றாள் சீரியல் சிஸ்டர். சாயங்காலம் எல்லாப் போனும் உயிரோடு திரும்பி வந்ததும் முணுமுணுப்பு அடங்கியது.

எல்லாம் முதல் தடவையே சரியாகிவிடவில்லை. ஆறாம் எண் போன், பழைய அலமாரியின் மேல் தட்டில் ராஜா மாதிரி இருந்தது, திடீரென்று மூன்று மணிக்குத் தீர ஆரம்பித்தது. சாவியக்காவுக்குத் தலை சுற்றியது. மறுபடி பதிவேட்டைத் தூக்கினார். போனைப் பார்த்தார், இடத்தைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அந்த நர்ஸோடு ஒரு நாள் அவரே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவளுக்குப் புதிதாகக் கொடுத்திருந்த பகுதி, பள்ளத்தில் இருக்கும் பெரிய குடியிருப்பு. பாதி வீடுகள் தரைக்குக் கீழே. உள்ளே போனதும் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. போன் விடாமல் டவரைத் தேடித் தேடிக் களைத்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அங்கே போகிற பெண்ணுக்கு மட்டும் ஒரு பவர் பேங்க் வாங்கிக் கொடுக்கச் செய்தார். படிகளில் ஏறி இறங்கிய முழங்கால் வலி மூன்று நாள் இருந்தது. ஆனால் நர்ஸ்கள் ஒரு நாளைக்கு எத்தனை படி ஏறுகிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது என்று பிறகு பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து பைகளில் வைக்கும் விரிப்பில் கனமானவற்றை ஒதுக்கி மெல்லியதாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அடுத்த ஊரில் இருந்த இன்னொரு நிலையம் விஷயம் கேள்விப்பட்டு அவரைக் கூப்பிட்டது. ஒலிபெருக்கி, நாற்காலி எல்லாம் போட்டிருந்தார்கள். மைக்கைப் பார்த்ததும் சாவியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "எனக்கு நின்னு பேச வராது. வாங்க, உங்க போனெல்லாம் எங்க தூங்குதுன்னு காட்டுங்க," என்று இறங்கி நடந்தார். கூட்டம் மொத்தமும் அவர் பின்னால் போனது. அங்கே போன்கள் வெயில் அடிக்கிற ஜன்னலுக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

அந்த வருடக் கடைசியில் அவர் மகளுக்குப் பிரசவம். பன்னிரண்டு நாள் விடுப்பு கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் அத்தனை நாள் போனதே இல்லை. போவதற்கு முன், வராந்தாத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டார். உறையைக் கழற்று. தனித்தனியாக வை. எண்பத்தைந்து செட்டிங்கை மாற்றாதே. சூடாக இருந்தால் சொருகாதே, ஆறவிடு. உப்பியிருந்தால் அமுக்காதே, முற்றத்தில் வை, போன் செய். கடைசி வரியில் அவருடைய எண்.

மகள் வீட்டில் பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டும் அவருக்கு மனம் அங்கேயே இருந்தது. போன் வருமோ வருமோ என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. ஐந்தாம் நாள் பொறுக்காமல் அவரே கூப்பிட்டார். சின்ன சிஸ்டர்தான் எடுத்தாள்.

"என்னாச்சு? ஏன் யாருமே பேசல?"

"பேச என்னக்கா இருக்கு? எல்லாம் ஓடுது. ஆளுக்கு ஒரு நாள் முறை போட்டுக்கிட்டோம். பதிவேட்டுலயும் எழுதிட்டுத்தான் வர்றோம். நீங்க குழந்தையைப் பாருங்க."

"இருபத்திரண்டு எப்படி இருக்கு?"

"சாயங்காலம் நாப்பத்தொண்ணோட வந்துச்சு. குழந்தைக்கு எவ்வளவு வெயிட்டு, அதச் சொல்லுங்க முதல்ல."

சாவியக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குழந்தையை மறுகைக்கு மாற்றினார். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட என்றார். மூக்கு அப்படியே அவர் கணவர் மூக்கு, அதுதான் ஒரே குறை என்றார். பக்கத்து அறையிலிருந்து, "எனக்குக் கேக்குது" என்று குரல் வந்தது.